எக்செல் ஷீட்டை கிளவுட் தரவுத்தளத்தில் ஏற்றும்போது வரும் சிக்கல்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எக்செல்லிலோ கூகுள் ஷீட்ஸிலோ இருக்கும் தரவை கிளவுடில் ஓடும் தரவுத்தளத்துக்கு மாற்றுவது சில சமயம் ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும். சில சமயம் இரண்டு நாளைத் தின்றுவிடும். இந்த வேலையில் இருப்பவர்கள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்டவை கீழே இருக்கின்றன. நீங்கள் பயன்படுத்துவது போஸ்ட்கிரெஸ், மைஎஸ்கியூஎல், பிக்குவெரி, ஸ்னோஃபிளேக் என எதுவாக இருந்தாலும் சிக்கலின் வேர் பெரும்பாலும் ஒன்றுதான். திரையில் எக்செல் காட்டுவது வேறு, கோப்புக்குள் இருப்பது வேறு.

பிழைச் செய்தி வந்து நிற்கிறது. முதலில் எங்கே பார்ப்பது?

கோப்பைப் பாருங்கள். ஆனால் எக்செல்லில் திறந்து பார்க்காதீர்கள். நோட்பேட், விஎஸ் கோட் போன்ற எளிய டெக்ஸ்ட் எடிட்டரில் திறங்கள். சிஎஸ்வி கோப்பை (மதிப்புகளைக் காற்புள்ளியால் பிரித்து எழுதிய வெறும் எழுத்துக் கோப்பு) எக்செல்லில் இரட்டைச் சொடுக்குப் போட்டுத் திறந்தால், எக்செல் ஒவ்வொரு கட்டத்தையும் "இது எண்ணா, தேதியா?" என்று ஊகித்து மாற்றிவிடுகிறது. அப்புறம் பழக்கத்தில் 'சேவ்' அழுத்தினால் அந்த ஊகமே கோப்பில் பதிந்துவிடும். சரிபார்க்கத் திறந்ததே கோப்பைக் கெடுத்த கதைகளை நிறையப் பார்த்திருக்கிறேன். அதனால் கைக்கு வந்த மூலக் கோப்பை ஒரு பிரதி எடுத்துக்கொண்டு, மூலத்தை 'ரீட் ஒன்லி' ஆக்கி, தனியாக வைத்துவிடுங்கள். வேலை எல்லாம் பிரதியில்தான்.

அடுத்து, பிழை எந்த வகை என்று பிரியுங்கள். இணைப்பே கிடைக்கவில்லையா? இணைப்பு இருந்தும் கோப்பைப் படிக்க முடியவில்லையா? கோப்பைப் படித்து ஏதோ ஒரு வரியில் நிற்கிறதா? அல்லது எல்லாம் ஏறிவிட்டது, ஆனால் உள்ளே இருப்பது தவறா? முதல் மூன்றும் சத்தம் போட்டுத் தெரிவிக்கும். நான்காவது சத்தமே போடாது. ஆறு மாதம் கழித்து ஒரு அறிக்கையில்தான் தெரியவரும். இந்தப் பக்கத்தில் அதற்குத்தான் அதிக இடம் கொடுத்திருக்கிறேன்.

பிழைச் செய்தி சொல்லும் வரி எண்ணை அப்படியே எக்செல்லில் தேடாதீர்கள். ஒரு கட்டத்துக்குள் யாராவது ஆல்ட்+என்டர் அழுத்தி இரண்டு வரியாக எழுதியிருந்தால், கோப்பின் வரி எண்ணும் எக்செல்லின் வரி எண்ணும் அந்த இடத்திலிருந்து விலகிப் போகும்.

பணியாளர் எண், கைபேசி எண் முன்னால் இருந்த சைபர்கள் காணாமல் போய்விட்டன. திரும்பக் கொண்டுவர முடியுமா?

மூலக் கோப்பு இருந்தால் முடியும். இல்லாவிட்டால் சில சமயம் மட்டும்.

00742 என்பதை எக்செல் எண்ணாக எடுத்துக்கொண்டால் 742 மட்டும் மிஞ்சும். பிறகு அந்த நெடுவரிசையை 'டெக்ஸ்ட்' என்று மாற்றினாலும் போன சைபர் வராது. எல்லா எண்களும் ஒரே நீளம் என்று உறுதியாகத் தெரிந்தால், தரவுத்தளத்தில் 'எல்பேட்' போன்ற ஃபங்ஷனால் இடப்பக்கம் சைபர் நிரப்பலாம். நீளம் மாறி மாறி வரும் எண்களில் அதைச் செய்யவே கூடாது. 742, 0742, 00742 மூன்றும் மூன்று வேறு ஆட்களாக இருக்கலாம்.

நீளமான எண்களில் சேதம் இன்னும் மோசம். எக்செல் ஒரு எண்ணில் 15 இலக்கம் வரைதான் துல்லியமாக வைத்துக்கொள்ளும். 16 இலக்க அட்டை எண்ணை எண்ணாக எடுத்துக்கொண்டால் கடைசி இலக்கம் சைபராகிவிடும். அதற்குக் குறைந்த நீளத்திலும் ஆபத்து இருக்கிறது. 12 இலக்கமோ அதற்கு மேலோ இருந்தால், சாதாரண 'ஜெனரல்' வடிவில் எக்செல் அதை அறிவியல் குறியீட்டில், நடுவில் ஈ என்ற ஆங்கில எழுத்து வைத்துச் சுருக்கிக் காட்டும். சிஎஸ்வியாகச் சேமிக்கும்போது எக்செல் எழுதுவது திரையில் காட்டும் வடிவத்தைத்தான். ஆகவே சுருக்கிய வடிவமே கோப்பில் போய் உட்கார்ந்து, மிச்ச இலக்கங்கள் போய்விடும். பண மதிப்பிலும் இதே விபத்து நடக்கும். 12.3456 என்ற விலையை இரண்டு தசமம் மட்டும் காட்டும்படி யாரோ அமைத்திருந்தால் சிஎஸ்வியில் 12.35 தான் இருக்கும்.

தடுப்பது எளிது. சிஎஸ்வியை எக்செல்லில் பார்த்தே ஆகவேண்டும் என்றால் 'டேட்டா' மெனுவில் உள்ள 'ஃப்ரம் டெக்ஸ்ட்/சிஎஸ்வி' வழியாக எடுத்து, அந்த நெடுவரிசைகளை 'டெக்ஸ்ட்' என்று குறியுங்கள். தரவுத்தளத்திலும் அவற்றுக்கு எழுத்து வகைதான் வேண்டும். கூட்டவோ பெருக்கவோ தேவைப்படாத எதுவும் எண் அல்ல. அது இலக்கங்களால் எழுதிய பெயர்.

தேதிகள் தாறுமாறாக ஏறியிருக்கின்றன. சிலவற்றில் நாளும் மாதமும் மாறியிருக்கிறது, சில வெறும் எண்ணாக இருக்கின்றன. ஏன்?

இதில் மூன்று நான்கு கோளாறுகள் ஒன்றாகக் கலந்திருக்கும். ஒவ்வொன்றாகப் பிரிப்போம்.

45292 போன்ற எண்ணைப் பார்த்தால் பயப்பட வேண்டாம், எதுவும் இழக்கவில்லை. எக்செல் தேதியை உள்ளே ஒரு நாள் எண்ணாகத்தான் வைத்திருக்கிறது. 1900 ஜனவரி 1 என்பது 1. 45292 என்பது 2024 ஜனவரி 1. மாற்றும்போது மட்டும் ஒரு கவனம் தேவை. 1900 லீப் ஆண்டு அல்ல, ஆனால் எக்செல் அதை லீப் ஆண்டாகவே கணக்கிடுகிறது. அதற்கு முன் புழக்கத்தில் இருந்த லோட்டஸ் 1-2-3 என்ற விரிதாள் மென்பொருள் அப்படிக் கணக்கிட்டது, அதன் கோப்புகளோடு ஒத்துப்போக எக்செல்லும் அதையே வைத்துக்கொண்டது. அதனால் தரவுத்தளத்தில் 1899 டிசம்பர் 30 என்ற தேதியோடு இந்த எண்ணைக் கூட்டினால்தான் சரியான நாள் வரும். எல்லாத் தேதியும் நான்கு ஆண்டும் ஒரு நாளும் பின்தங்கியிருந்தால், அந்தக் கோப்பு 1904 கணக்கில் இருக்கிறது என்று பொருள். பழைய மேக் எக்செல் கோப்புகளில் இது உண்டு. 1,462 நாள் கூட்டிவிடுங்கள்.

நாளும் மாதமும் மாறுவதுதான் உண்மையில் ஆபத்தானது. கோப்பில் 03/04/2024 என்று இருக்கிறது. எழுதியவர் ஏப்ரல் 3 என்று நினைத்து எழுதினார். திறந்த கணினியின் அமைப்பு மாதத்தை முதலில் வைப்பது என்றால் எக்செல் அதை மார்ச் 4 ஆக்கிவிடும். அடுத்த வரியில் 13/04/2024. பதின்மூன்றாவது மாதம் கிடையாது என்பதால் அதைத் தொடாமல் எழுத்தாக விட்டுவிடும். இப்போது ஒரே நெடுவரிசையில் பாதி தேதி, பாதி எழுத்து. அதிலும் தேதியாக மாறிய பாதிதான் தவறு, 'பிழை' என்று தரவுத்தளம் திருப்பி அனுப்பிய பாதி சரி! இதைக் கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. ஏறிய தேதிகளில் நாள் பகுதியை மட்டும் எடுத்து எண்ணிப் பாருங்கள். ஒரு மாதத்தில் 1 முதல் 12 வரைதான் இருக்கிறது, 13 முதல் 31 வரை ஒன்றுமே இல்லை என்றால் இடமாற்றம் நடந்திருக்கிறது. எக்செல்லிலேயே பார்ப்பதானால், தேதியாக மாறியவை வலப்பக்கமும் எழுத்தாக நின்றவை இடப்பக்கமும் ஒட்டி நிற்கும்.

நிரந்தரத் தீர்வு, தேதியை 2024-04-03 என ஆண்டு, மாதம், நாள் வரிசையில் எழுதுவது. ஐஎஸ்ஓ 8601 தரத்தின் வடிவம் இது. தரவுத்தளங்கள் இதைத் தயக்கமின்றிப் படிக்கும்.

கடைசியாக, எல்லாத் தேதியும் சரியாக ஒரு நாள் முந்திப் போயிருந்தால் அது நேர மண்டலச் சிக்கல். நேரம் இல்லாத தேதியை உள்ளூர் நள்ளிரவு என்று எடுத்துக்கொண்டு உலகப் பொது நேரமான யூடிசிக்கு மாற்றும்போது, கிரீன்விச்சுக்குக் கிழக்கே இருப்பவர்களுக்கு முந்தைய நாள் மாலை வந்துவிடும். பிறந்த தேதி, சேர்ந்த தேதி போன்றவற்றுக்கு நேரமும் சேர்ந்த 'டைம்ஸ்டாம்ப்' வகை தேவையே இல்லை. வெறும் 'டேட்' போதும்.

தேதியே இல்லாத இடத்தில் தேதி வந்திருக்கிறது. இது எப்படி?

அதே ஊக வேலைதான். 3-4 என்ற பொருள் குறியீடு தேதியாகும். மரபணு ஆய்வாளர்கள் இதனால் ஆண்டுக்கணக்கில் அவதிப்பட்டார்கள். 'மார்ச்1', 'செப்ட்2' என்ற மரபணுப் பெயர்களை எக்செல் தேதியாக்கிக்கொண்டே இருந்தது. எக்செல் இணைப்புகளோடு வந்த மரபணு ஆய்வுக் கட்டுரைகளில் ஏறக்குறைய ஐந்தில் ஒன்றில் இந்தப் பிழை இருப்பதாக 2016இல் வந்த ஆய்வு காட்டியது. கடைசியில் 2020இல் மரபணுப் பெயர்களையே மாற்றினார்கள். தானாக மாற்றுவதை நிறுத்தும் வசதி 2023இல்தான் எக்செல்லுக்கு வந்தது. உங்கள் பதிப்பில் அது இருந்தால், இன்றே நிறுத்திவிடுங்கள்.

தமிழ் எழுத்தெல்லாம் கேள்விக்குறியாகவோ கிறுக்கலாகவோ ஏறியிருக்கிறது. சரிசெய்யலாமா?

எது வந்திருக்கிறது என்பதைப் பொறுத்து. மூன்று நிலைகள் உண்டு.

வெறும் கேள்விக்குறிகள் என்றால் அந்த எழுத்துகள் போய்விட்டன. அவற்றிலிருந்து மீட்க வழியில்லை, மூலக் கோப்புக்குத் திரும்பியே ஆகவேண்டும். எக்செல்லில் 'சேவ் ஆஸ்' செய்யும்போது சாதாரண 'சிஎஸ்வி' என்று தேர்ந்தெடுப்பதுதான் வழக்கமான காரணம். பட்டியலில் 'சிஎஸ்வி யூடிஎஃப்-8' என்று தனியாக ஒன்று இருக்கிறது, அதைத் தேர்ந்தெடுங்கள். யூடிஎஃப்-8 என்பது தமிழ் உட்பட எல்லா மொழி எழுத்துகளையும் பைட்டாக எழுதிவைக்கும் முறை, அதாவது ஒரு குறியாக்கம். கோப்பு சரியாக இருந்தும் தரவுத்தளத்தில் கேள்விக்குறி வந்தால் நெடுவரிசையின் வகையைப் பாருங்கள். எஸ்கியூஎல் சர்வரில் தமிழுக்கு 'வார்சார்' பொதுவாகப் போதாது, 'என்வார்சார்' வேண்டும். மைஎஸ்கியூஎல்லில் குறியாக்கத்தை 'யூடிஎஃப்8எம்பி4' என்று வையுங்கள். அங்கே பழைய 'யூடிஎஃப்8' ஓர் எழுத்துக்கு மூன்று பைட் வரைதான் ஏற்கும். தமிழ் தப்பிக்கும், ஆனால் ஒரு இமோஜி வந்தால் ஏற்றம் நின்றுவிடும்.

இரண்டாவது நிலை, மேலே சிறு கோடு போட்ட ஏ எழுத்தும் வட்டத்துக்குள் ஆர் போட்ட குறியும் மாறி மாறி வருவது. இது நல்ல செய்தி. எழுத்துகள் பத்திரமாக இருக்கின்றன. யூடிஎஃப்-8 கோப்பை வேறு குறியாக்கம் என்று நினைத்துப் படித்திருக்கிறார்கள், அவ்வளவுதான். ஏற்றும்போது குறியாக்கத்தை வெளிப்படையாகக் குறிப்பிட்டு மறுபடி ஏற்றுங்கள்.

மூன்றாவது, யூனிகோடுக்கு முந்தைய கோப்புகள். பாமினி போன்ற எழுத்துருவில் அடித்தவை, டிஸ்கி குறியாக்கத்தில் உள்ளவை. அந்த எழுத்துரு உள்ள கணினியில் அழகான தமிழாகத் தெரியும். தரவுத்தளத்தில் பொருளற்ற ஆங்கில எழுத்துகளும் குறிகளுமாக நிற்கும். எந்த அமைப்பை மாற்றினாலும் இது சரியாகாது. முதலில் எழுத்துரு மாற்றி கொண்டு யூனிகோடுக்கு மாற்றி, ஒரு நூறு வரியாவது கண்ணால் படித்துப் பார்த்து, அப்புறம் ஏற்றுங்கள். பழைய உறுப்பினர் பட்டியல்கள், நூலகப் பதிவுகள் பல இப்படித்தான் கிடக்கின்றன. பொறுமையாகச் செய்தால் எல்லாம் மீளும்.

நீளமும் ஒரு சிக்கல். 'தமிழ்' என்பதை நாம் மூன்று எழுத்து என்கிறோம். யூனிகோடில் அது 5 குறி, யூடிஎஃப்-8இல் 15 பைட். ரெட்ஷிஃப்ட் போன்ற தளங்கள் நீள வரம்பைப் பைட்டில் கணக்கிடுகின்றன. 50 என்று வரம்பு வைத்தால் பதினாறு குறியிலேயே நிறைந்துவிடும்.

இரண்டு டேபிளிலும் ஒரே பெயர்தான் இருக்கிறது. ஆனாலும் பொருந்தவில்லை என்கிறது.

கண்ணுக்கு ஒன்றாகத் தெரிந்தாலும் பைட்டில் வேறாக இருக்கும். முதல் சந்தேகம் ஓரத்து இடைவெளி. 'ட்ரிம்' போட்டும் போகவில்லை என்றால் அது சாதாரண இடைவெளி அல்ல. இணையப் பக்கத்திலிருந்து நகலெடுத்த தரவில் 'நான்-பிரேக்கிங் ஸ்பேஸ்' என்ற வேறொரு குறி வரும். எக்செல்லின் 'ட்ரிம்' அதைத் தொடாது. அகலமே இல்லாத மறைகுறிகளும் வருவதுண்டு. நீள ஃபங்ஷன் போட்டுப் பாருங்கள், எதிர்பார்த்ததைவிட ஒன்று கூடுதலாக இருந்தால் ஆள் அகப்பட்டார்.

தமிழில் இன்னொன்றும் உண்டு. 'கொ' என்பதில் உள்ள ஒகரக் குறியை ஒரே குறியாகவும் அடிக்கலாம், ஒற்றைக் கொம்பு, துணைக்கால் என்று இரண்டாகவும் அடிக்கலாம். திரையில் வித்தியாசமே தெரியாது. யூனிகோடின் 'என்எஃப்சி' வடிவத்துக்கு மாற்றினால் இரண்டும் ஒன்றாகிவிடும். போஸ்ட்கிரெஸ் 13 முதல் இதற்கு 'நார்மலைஸ்' ஃபங்ஷன் இருக்கிறது. ஆனால் 'ஔவை' என்பதை ஒ, ள, வை என்று அடித்திருந்தால் அது வேறு எழுத்தேதான். நார்மலைஸ் அதைத் திருத்தாது, நாம்தான் தேடித் திருத்த வேண்டும். பெயர்ப் பட்டியல் இணைப்பவர்கள் இந்த ஒன்றை மறக்காமல் பாருங்கள்.

"நெடுவரிசை எண்ணிக்கை பொருந்தவில்லை" என்று நிற்கிறது.

சிஎஸ்வியில் காற்புள்ளிதான் வேலி. முகவரிக்குள் காற்புள்ளி இருந்து அந்த முகவரி இரட்டை மேற்கோளுக்குள் இல்லாவிட்டால், ஒரு முகவரி மூன்று நெடுவரிசையாக உடையும். மேற்கோளுக்குள்ளேயே இன்னொரு மேற்கோள் வந்தால் அதை இரண்டு முறை எழுத வேண்டும் என்பது 2005இல் வெளியான ஆர்எஃப்சி 4180 ஆவணத்தின் விதி. கையால் தைத்த நிரல்கள் பல இதைச் செய்வதில்லை. கட்டத்துக்குள் வரி முறிவு இருந்தால் பிக்குவெரியில் அதை அனுமதிக்கும் தேர்வைத் தனியாக இயக்க வேண்டும், இயல்பில் அது அணைந்தே இருக்கும்.

தசமத்துக்குக் காற்புள்ளி போடும் நாடுகளின் கணினியில் எக்செல் அரைப்புள்ளியால் பிரித்துச் சேமிக்கும். எல்லாம் ஒரே நெடுவரிசையில் வந்து குவிந்தால் அதுதான் காரணம். தரவில் காற்புள்ளி நிறைய இருக்குமானால் டேப் குறியால் பிரித்துச் சேமிப்பது என் விருப்பம். தலைவலி பாதியாகக் குறையும்.

முதல் நெடுவரிசையின் பெயர் இல்லை என்கிறது. கண் முன்னால் இருக்கிறதே?

கோப்பின் தொடக்கத்தில் 'பாம்' என்ற மூன்று பைட் மறைகுறி இருக்கும். 'சிஎஸ்வி யூடிஎஃப்-8' என்று சேமிக்கும்போது எக்செல் அதைச் சேர்க்கிறது. அது முதல் தலைப்போடு ஒட்டிக்கொள்கிறது. டெக்ஸ்ட் எடிட்டரில் 'பாம் இல்லாத யூடிஎஃப்-8' என்று மறுபடி சேமியுங்கள்.

எண் நெடுவரிசையில் "இது எண் அல்ல" என்று ஒவ்வொரு வரியாகத் தள்ளிக்கொண்டே இருக்கிறது. ஒவ்வொன்றாகத் திருத்தத்தான் வேண்டுமா?

வேண்டாம். இங்கேதான் முறையை மாற்ற வேண்டும். இந்தப் பக்கத்தில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்வதானால் இதை எடுத்துக்கொள்ளுங்கள்.

உண்மையான டேபிளுக்குள் நேரடியாக ஏற்றாதீர்கள். ஒரு ஸ்டேஜிங் டேபிள், அதாவது தற்காலிக இடைநிலை டேபிள், உருவாக்குங்கள். அதில் எல்லா நெடுவரிசையும் எழுத்து வகை, எந்த நிபந்தனையும் இல்லை. கூடவே இரண்டு நெடுவரிசை: கோப்பின் பெயர், கோப்பில் அந்த வரியின் எண். தரவுத்தள டேபிளுக்கு வரிசை ஒழுங்கு என்று ஒன்று கிடையாது, ஆகவே அந்த எண் இல்லாவிட்டால் எந்த வரி எங்கிருந்து வந்தது என்று பிறகு சொல்ல முடியாது. எழுத்து வகை எதையும் ஏற்கும் என்பதால் கோப்பு முழுதும் உள்ளே வந்துவிடும். அப்புறம் தரவுத்தளத்திடம் கேள்வி கேட்கும் மொழியான எஸ்கியூஎல் கொண்டு கேட்கலாம்: எண்ணாக மாறாத மதிப்புகள் எவை, ஒவ்வொன்றும் எத்தனை முறை?

இந்தக் கேள்விக்கு வரும் பதில் பெரும்பாலும் குட்டிப் பட்டியலாக இருக்கும். ஆயிரம் வரி தவறு என்று பயந்திருப்போம், பார்த்தால் ஐந்தே வகை. 1,25,000 என்று காற்புள்ளி போட்டவை, பின்னால் அலகு ஒட்டியவை, 'இல்லை' என்று எழுதியவை, ஒற்றைக் கோடு போட்டவை, எக்செல் சூத்திரம் உடைந்து '#' குறியோடு நிற்பவை. ஐந்துக்கும் ஐந்து விதி எழுதி, சுத்தமான வரிகளை மட்டும் உண்மையான டேபிளுக்கு மாற்றுங்கள். அடுத்த மாதமும் அதே விதிகள் வேலை செய்யும்.

தானாக வகையைக் கண்டுபிடிக்கும் வசதியை நான் நம்புவதில்லை. பிக்குவெரி அதிகபட்சம் முதல் 500 வரி பார்த்து முடிவு செய்கிறது. மைக்ரோசாஃப்டின் எக்செல் டிரைவர் இயல்பில் முதல் எட்டு வரி மட்டும். ஒன்பதாவது வரியில் முதன்முதலாக எழுத்து வந்தால் அது காலியாகவே போய்விடக்கூடும்.

காலிக் கட்டம் சைபராகவும், சில இடத்தில் 'நல்' (மதிப்பே இல்லை என்பதைக் காட்டும் குறி) ஆகவும் மாறுகிறது. எது சரி?

'தெரியாது', 'இல்லை', 'சைபர்' மூன்றும் வேறு. மதிப்பெண் பதியாத மாணவரும் சைபர் வாங்கிய மாணவரும் ஒன்றல்லவே. போஸ்ட்கிரெஸ்ஸின் சிஎஸ்வி ஏற்றத்தில் மேற்கோள் இல்லாத காலி இடம் 'நல்', மேற்கோளோடு வரும் காலி இடம் வெற்று எழுத்து. ஆரக்கிள் வெற்று எழுத்தையே 'நல்' ஆக எடுத்துக்கொள்ளும். மைஎஸ்கியூஎல் கண்டிப்பில்லாத அமைப்பில் எண் நெடுவரிசையில் சைபர் போட்டுவிடும். எது வேண்டும் என்று நீங்களே முடிவெடுத்து விதியாக எழுதுங்கள்.

ஒன்றிணைத்த கட்டங்களும் இங்கே சேரும். பத்து வரிக்குச் சேர்த்து ஒரே துறைப் பெயர் இருந்தால், மதிப்பு முதல் வரியில் மட்டும் இருக்கும், மற்ற ஒன்பதும் காலி. ஏற்றும் முன் பிரித்து நிரப்புங்கள்.

ஏறிய வரிகள் குறைவாக இருக்கின்றன. பிழையே வரவில்லையே?

சிஎஸ்வியாகச் சேமித்தால் திறந்திருக்கும் ஒரே ஷீட் மட்டும்தான் போகும் என்பதை முதலில் பாருங்கள். அப்புறம் வரம்பு. இன்றைய எக்செல் ஷீட் 10,48,576 வரி தாங்கும், பழைய எக்ஸ்எல்எஸ் வடிவம் 65,536 வரிதான். இந்த வரம்பு எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு இங்கிலாந்தில் 2020இல் நடந்ததைச் சொல்லலாம். கொரோனா பரிசோதனை முடிவுகளை சிஎஸ்வியிலிருந்து பழைய எக்ஸ்எல்எஸ் கோப்புக்கு மாற்றியபோது வரம்புக்கு மேலிருந்தவை விழுந்துவிட்டன. செப்டம்பர் 25 முதல் அக்டோபர் 2 வரையிலான 15,841 தொற்றுகள் அன்றாட எண்ணிக்கையில் சேரவில்லை, அவர்களோடு பழகியவர்களைத் தேடும் வேலையும் தாமதமானது. ஒவ்வொரு வரியும் ஒரு மனிதர் என்பதை இந்த வேலையில் நான் மறக்காமல் இருக்க முயல்கிறேன்.

வரிகள் அதிகமாக இருந்தால் காரணம் வேறு. மறைத்த வரிகளும் வடிகட்டி ஒதுக்கிய வரிகளும் சிஎஸ்வியில் சேர்ந்தே வரும். அடியில் வெறும் காற்புள்ளி மட்டும் கொண்ட காலி வரிகளும் வரும்.

ஒரு வரி தவறு என்றால் மொத்தமும் ரத்தாகிறது. தவறான வரிகளை விட்டுவிட்டு ஏற்றலாமா?

வசதி இருக்கிறது. ஸ்னோஃபிளேக்கில் 'ஆன் எரர்' தேர்வு உண்டு, போஸ்ட்கிரெஸ்ஸில் 2024இல் வந்த 17ஆம் பதிப்பு முதல் உண்டு, பிக்குவெரியில் எத்தனை மோசமான வரிகளைப் பொறுக்கலாம் என்று எண்ணே கொடுக்கலாம். ஆனால் விட்ட வரிகள் எவை என்ற பட்டியல் கையில் இல்லாமல் இதைப் பயன்படுத்தாதீர்கள். மொத்தமும் ரத்தாவது எரிச்சலாகத்தான் இருக்கும். ஆனால் அது உங்களைக் காப்பாற்றுகிறது. பாதி ஏறிய டேபிளைச் சரிசெய்வது அதைவிடப் பெரிய வேலை.

"கோப்பு கிடைக்கவில்லை" என்கிறது. பாதை சரியாகத்தான் இருக்கிறது.

உங்கள் கணினியில் சரி. போஸ்ட்கிரெஸ்ஸின் 'காப்பி' கட்டளை சர்வரின் வட்டில் தேடுகிறது, கிளவுடில் அங்கே உங்கள் கோப்பு இல்லை. போஸ்ட்கிரெஸ்ஸோடு வரும் பிஎஸ்கியூஎல் கருவியில் பின்சாய்வுக் கோட்டோடு தொடங்கும் 'காப்பி' உங்கள் கணினியிலிருந்து அனுப்பும். மைஎஸ்கியூஎல்லில் 'லோட் டேட்டா' என்பதோடு 'லோக்கல்' சேருங்கள், இரண்டு பக்கமும் 'லோக்கல் இன்ஃபைல்' இயக்கத்தில் இருக்க வேண்டும்.

இணைப்பே கிடைக்காமல் காத்துக் காத்து அறுந்தால், உங்கள் ஐபி முகவரி அனுமதிப் பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள். வீட்டு இணையத்தில் அது அடிக்கடி மாறும். போஸ்ட்கிரெஸ்ஸுக்கு 5432, மைஎஸ்கியூஎல்லுக்கு 3306 போர்ட்டை (இணைப்பு நுழையும் வாயிலின் எண்) அலுவலக ஃபயர்வால் தடுப்பதும் உண்டு.

ஒரு லட்சம் வரிக்கு மணிக்கணக்கில் ஓடுகிறது, நடுவில் அறுந்துபோகிறது.

வரிக்கு ஒரு 'இன்சர்ட்' (சேர்க்கும் கட்டளை) அனுப்புகிறீர்கள் என்று நினைக்கிறேன். ஒரு முறை போய்வர 50 மில்லிவினாடி என்றால் ஒரு லட்சம் வரிக்கு 5,000 வினாடி, அதாவது 83 நிமிடம். வேலை செய்வது தரவுத்தளம் அல்ல, பயணம்தான். மொத்தமாக ஏற்றும் கட்டளையைப் பயன்படுத்துங்கள், அல்லது ஆயிரம் ஆயிரமாகக் கட்டி அனுப்புங்கள். கட்டுக்கும் வரம்பு உண்டு: எஸ்கியூஎல் சர்வர் ஒரு கோரிக்கையில் 2,100 அளவுருக்கள் (கட்டளையோடு அனுப்பும் மதிப்புகள்) வரை ஏற்கும், போஸ்ட்கிரெஸ் 65,535, டைனமோடிபி ஒரு கட்டில் 25 பதிவு.

தவறுதலாக இரண்டு முறை ஏற்றிவிட்டேன். எல்லாம் இரட்டிப்பாகிவிட்டது.

ஸ்டேஜிங்கில் கோப்புப் பெயர் வைக்கச் சொன்னதற்கு இதுவும் காரணம். ஒவ்வொரு ஏற்றத்துக்கும் ஒரு அடையாள எண் கொடுத்து அதை உண்மையான டேபிளிலும் வைத்திருந்தால், அந்த எண்ணுக்குரியவற்றை மட்டும் நீக்கலாம். தனித்துவ நிபந்தனை (ஒரே அடையாளம் இரண்டு முறை வரக்கூடாது என்ற விதி) போட்டு, 'இருந்தால் புதுப்பி, இல்லாவிட்டால் சேர்' என்ற முறையில் ஏற்றினால் பத்து முறை ஓட்டினாலும் ஒரே விளைவுதான். தொடர்புள்ள டேபிள்கள் என்றால் தாய் டேபிளை முதலில் ஏற்றுங்கள்: துறைகள் முதலில், பணியாளர்கள் பிறகு.

ஏற்றம் வெற்றி. ஆனால் மறுநாள் செயலியில் புதிதாக ஒருவரைச் சேர்த்தால் "சாவி ஏற்கெனவே உள்ளது" என்கிறது.

அடையாள எண்களைக் கோப்பிலிருந்தே கொண்டுவந்திருப்பீர்கள். போஸ்ட்கிரெஸ்ஸில் தானாக எண் கொடுக்கும் 'சீக்வென்ஸ்' அதை அறியாது. அது இன்னும் 1இலேயே நிற்கிறது. 'செட்வால்' கொண்டு, டேபிளில் உள்ள மிகப் பெரிய எண்ணுக்கு அதை நகர்த்துங்கள்.

எல்லாம் சரியாக ஏறியது என்று எப்படி உறுதி சொல்வது?

'சக்சஸ்' என்ற சொல்லை வைத்துச் சொல்ல முடியாது. வரி எண்ணிக்கை, பணம் போன்ற நெடுவரிசைகளின் கூட்டுத்தொகை, மிகப் பழைய தேதி, மிகப் புதிய தேதி, ஒவ்வொரு நெடுவரிசையிலும் எத்தனை நல் ஆகியவற்றைக் கோப்பிலும் டேபிளிலும் எடுத்து ஒப்பிடுங்கள். அதோடு கோப்பின் நடுவிலிருந்து இருபது வரிகளை எடுத்து, தரவைத் தந்தவரோடு உட்கார்ந்து ஒவ்வொரு கட்டமாகப் பாருங்கள். தந்தவர் பக்கத்தில் இருப்பது முக்கியம். "இவர் இந்தத் துறையே இல்லையே" என்று அவரால்தான் சொல்ல முடியும்.

மூலக் கோப்பை எவ்வளவு நாள் வைத்திருப்பது?

மேலே சொன்ன ஒப்பீடு முடிந்து, அந்தத் தரவிலிருந்து வரும் முதல் அறிக்கையைத் தந்தவர் சரி என்று சொல்லும் வரையாவது. அதன் பிறகு, ஏற்றுவதற்காக கிளவுட் சேமிப்பகத்தில் போட்ட பிரதிகளை மறக்காமல் நீக்குங்கள். ஆட்களின் பெயரும் கைபேசி எண்ணும் உள்ள கோப்பு, எவரும் திறக்கக்கூடிய ஒரு ஃபோல்டரில் ஆண்டுக்கணக்கில் கிடப்பதை நான் பார்த்திருக்கிறேன். ஸ்டேஜிங் டேபிளிலும் அதே பெயர்கள்தான் இருக்கின்றன, அதையும் காலி செய்துவிடுங்கள்.